வேலூர் வெயிலில் ஒரு ஸ்கிம்மர்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். "அண்ணா, 150 லிட்டரில் கடல் தொட்டி வைக்கப் போகிறேன். பவளமும் வைக்க ஆசை. புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கியே தீர வேண்டுமா?" நான் அப்போது சத்துவாச்சாரியில் காய்கறிப் பையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். "வேண்டாம் தம்பி" என்று முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, தொட்டிக்கு அடியில், நீரின் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் என்னுடைய ஸ்கிம்மர் நிற்பது கண்ணில் பட்டது. தினமும் இரவு முழுக்க ஓடுகிறது. எனக்கு வேண்டும், அவருக்கு வேண்டாமா? ஒரு சொல்லில் சொன்னதற்குப் பரிகாரமாக இதை நீளமாகவே எழுதுகிறேன்.

தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, அரசன் இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கேலி செய்யும் பழைய பட்டியல் ஒன்று உண்டு. அதன் கடைசியில் 'கடல் இல்லாத ஊரில் கடல் மீன்' என்று என் மனைவி ஒன்றைச் சேர்த்திருக்கிறாள். தப்பில்லை. சென்னைக் கடற்கரை இங்கிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மீட்டரை வைத்தால் லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் காட்டும். அதை ஆர்.ஓ. எந்திரத்தில் விட்டு, வெளிவரும் வெறும் நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு குடம் நல்ல நீர் சேர்வதற்குள் இரண்டு மூன்று குடம் கழிவாகப் போய்விடும். அதில்தான் மாடிப்படி கழுவுகிறோம். எங்கள் தெருவிலேயே சுத்தமான படிக்கட்டு எங்களுடையதுதான்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்பதை விளக்க எனக்கு அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் இருந்த என் மாமாவின் வெல்ல ஆலை போதும். கொப்பரையில் கரும்புச் சாறு சூடேறும்போது சுண்ணாம்பு சேர்ப்பார். அழுக்கு திரண்டு, கறுத்த நுரையாக மேலே மிதந்து வரும். நீளப்பிடி வைத்த துளைக் கரண்டியால் அதை வழித்து வழித்து ஓரத்தில் கொட்டுவார். வழிக்கத் தவறினால் வெல்லம் கறுத்துப்போகும். மண்டித் தெருவில் எடுத்துப் பார்ப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஸ்கிம்மரும் அழுக்கு நுரையை வழித்தெடுக்கும் எந்திரம்தான். அடுப்புக்குப் பதிலாக ஒரு மோட்டார். அது காற்றையும் நீரையும் ஒன்றாக அடித்து, குழாய் முழுவதும் பால் போலத் தெரியும் அளவுக்கு நுண்ணிய குமிழ்களை உண்டாக்குகிறது. மீன் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளம் உதிர்க்கும் சளி இவற்றிலிருந்து நீரில் கரையும் பொருள்கள் பலவற்றுக்கு ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை விட்டு ஓடப் பார்க்கும். ஓடப் பார்க்கும் முனைக்குக் குமிழின் மேற்பரப்பு புகலிடம். அங்கே ஒட்டிக்கொண்டு, குமிழோடு மேலேறி, கழுத்து வழியாக நுரையாகத் ததும்பி, கிண்ணத்தில் விழுந்துவிடும். அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே தொட்டியை விட்டு வெளியேறிவிடுகிறது என்பதுதான் இதன் பெருமை.

இது உப்பு நீரில் மட்டும் நன்றாக நடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் குமிழ்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாவதைக் கரைந்திருக்கும் உப்பு தடுக்கிறது. நல்ல நீரில் அதே எந்திரம் வைத்தால் பெரிய பெரிய குமிழாக எழுந்து பட்டென்று உடைந்துவிடும். தங்கமீன் தொட்டிக்கு யாரும் ஸ்கிம்மர் விற்க வருவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே.

மாமாவிடம் இன்னொரு வித்தை உண்டு. கொப்பரை கட்டுமீறிப் பொங்கினால் ஒரு சொட்டு ஆமணக்கெண்ணெய் விடுவார். நுரை அப்படியே படுத்துவிடும். ஸ்கிம்மர் வாங்கிய புதிதில் ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு தொட்டிக்குள் கையை விட்டுப் பாறையை நகர்த்தினேன். மாலைவரை ஒரு பொட்டு நுரை இல்லை. மோட்டார் பழுது என்று நினைத்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாமாவின் ஆமணக்கெண்ணெய் ஞாபகம் வந்தபோது இரவு எட்டு மணி.

கிண்ணத்தில் சேர்வது கரும்பச்சையும் பழுப்புமான ஒரு சாறு. தோல் பதனிடும் ராணிப்பேட்டை வழியாக ஜன்னலோர இருக்கையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கிண்ணம்தான் மனிதனை மயக்குகிறது. "இவ்வளவும் என் மீன்கள் நீந்தும் நீரிலா இருந்தது!" என்று ஒவ்வொருவரும் முதல் நாள் வாயைப் பிளக்கிறோம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் 2009-ஆம் ஆண்டு வாக்கில் இதை அளந்து பார்த்தார். நீரில் கரைந்திருக்கும் மொத்தக் கரிமப் பொருளில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் ஸ்கிம்மரால் வெளியே வந்தது. மிச்சத்தை நுரை தொடுவதே இல்லை. ஏற்கெனவே அழுகி, கடைசியில் தொட்டியில் தேங்கும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டதை அது நேரடியாக எடுக்கவும் முடியாது. மாயக் கிண்ணம் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

ஸ்கிம்மர் இல்லாமல் பவளம் வாழுமா என்பதே சிலருடைய கேள்வி. வாழும். இந்தோனேசியாவின் மீன் வளர்ப்பாளர் லீ சின் எங் 1961-இலேயே உயிர்ப்பாறையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய கடல் பவளக் கல்) காற்றுக் குமிழும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தும் முறையை எழுதிவிட்டார். பிறகு ஜெர்மனியில் உயிர்ப்பாறையோடு பெரிய ஸ்கிம்மரையும் சேர்த்த பெர்லின் முறை வந்து, கல் போன்ற எலும்புக்கூடு கட்டும் பவளங்களை வீட்டில் வளர்த்துக் காட்டியது. அன்றிலிருந்து ஸ்கிம்மர் இல்லாத தொட்டி, கதவில்லாத வீடு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

நான் முதலில் வைத்தது 60 லிட்டர் தொட்டி. 2017-இல், ஸ்கிம்மர் இல்லாமல். இரண்டு நீமோ மீன்கள்; கல் எலும்புக்கூடு கட்டாத மென்பவளங்களில் சில ஜோயாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர். நான்கு வருடம் குறையில்லாமல் ஓடியது. ஏன் ஓடியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தம்பி, இந்த இடத்தில் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் உலர் தீனியில் 45 சதவீதம் புரதம் என்று வையுங்கள். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 0.072 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 320 மில்லிகிராம். என் இரண்டு மீன்களுக்கு நாளொன்றுக்கு 0.2 கிராம் போதும். அதாவது 64 மில்லிகிராம். 60 லிட்டரில் அது நாளுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், வாரத்துக்கு ஏழு. வாரம் பத்தில் ஒரு பங்கு நீர் மாற்றினால் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் போகும். எனவே ஏறிக்கொண்டே போய், வாரவரவைப் போலப் பத்து மடங்கில், அதாவது 70-இல் நிற்கும். கால் பங்கு மாற்றினால் நான்கு மடங்கில், 28-இல் நிற்கும். உண்மையில் நான் அளந்தபோது 15-ஐத் தாண்டவில்லை. மீன் வளர்ச்சிக்குக் கொஞ்சம், பாசிக்குக் கொஞ்சம், பாறையின் உட்துளைகளில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு போய்விடுகிறது. வாரம் 15 லிட்டர் மாற்றினேன், அரைக் கிலோ உப்புக்குச் சற்று மேல். மடித்துக் கட்டிய வேட்டியோடு அரை மணி நேர வேலை. இதற்கு எதற்கு ஒரு எந்திரம்?

பெரிய தொட்டிக்கு அதே கணக்கு வேறு மாதிரி பேசும். 250 லிட்டர், ஆறு மீன், நாளுக்கு ஒரு கிராம் தீனி. கால் பங்கு மாற்ற வேண்டுமென்றால் வாரம் 60 லிட்டருக்கு மேல் ஆர்.ஓ. நீர், இரண்டு கிலோவுக்கு மேல் உப்பு, கழிவாக 150 லிட்டர். வேலூரில், சித்திரை மாதத்தில், லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில், இதைச் செய்கிறவனை அக்கம்பக்கத்தார் அடிக்காமல் விடுவதே பெரிது. ஆக, அழுக்குக்கு ஸ்கிம்மர் வேண்டுமா என்பதைத் தொட்டியின் நீளம் அகலம் தீர்மானிப்பதில்லை. தினமும் எவ்வளவு தீனி போடுகிறீர்கள், எவ்வளவு நீரைக் கையால் மாற்ற முடியும் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஸ்கிம்மர் கட்டாயம் என்று சொல்லும் வெளிநாட்டு ஆலோசனைகளில் பெரும்பாலானவை கல்பவளம் வளர்ப்பவர்கள் சொன்னவை. அவற்றுக்குப் பளிங்கு நீர் வேண்டும். நாம் அவற்றை வளர்ப்பதற்கில்லை. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. புலி இருக்கும் அதே அட்டவணை. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லும் அந்தச் சட்டத்துக்குள்தான் வரும். சென்னையில் ஒரு கடையில் பின்னறைக்கு அழைத்துப் போய், துணியை விலக்கி, "நல்ல உயிர்ப்பாறை சார், மன்னார் வளைகுடா சரக்கு" என்று காட்டினார்கள். பெருமை வேறு. நான் வெளியே வந்து டீ குடித்துவிட்டு பஸ் ஏறினேன். நம் தொட்டியில் நியாயமாக இருக்கக்கூடியது செயற்கைப் பாறையும், ஜோயாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்களும், பண்ணையில் பிறந்த நீமோவும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நீமோ வகைகளைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நிலைநிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த மென்பவளங்களுக்குப் பளிங்கு நீர் பிடிக்காது. கொஞ்சம் சத்துள்ள நீர்தான் பிடிக்கும். அவற்றின் உடலுக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசிக்கு நைட்ரஜன் வேண்டுமே.

இதை நான் 2021-இல் 250 லிட்டர் தொட்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 500 லிட்டருக்கு என்று எழுதியிருந்த ஸ்கிம்மரை வாங்கினேன். பெரிதாக இருந்தால் நல்லது என்ற நம் பழைய வியாதி. அப்போது மூன்று சின்ன மீன்கள்தான் இருந்தன. நான்காவது மாதம் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம். சோதனைக் குழாயில் நிறமே மாறவில்லை. நான் மார்தட்டிக்கொண்டிருந்தபோது ஜோயாந்தஸ் வெளுத்தது. மஷ்ரூம் சுருங்கியது. மணல்மேல் பழுப்பு நிறத்தில், குமிழ் தாங்கிய சளி படர்ந்தது. டைனோ என்ற நுண்ணுயிர்ப் படலம் என்று எங்கள் வட்டாரத்தில் தலையில் கை வைத்துக்கொள்வோமே, அதுதான். ஸ்கிம்மரை நிறுத்தி, தீனியைக் கூட்டி, மூன்று மாதம் கெஞ்சிய பிறகு நிறம் திரும்பியது. 2022 முழுக்க ஸ்கிம்மர் பரணில் இருந்தது. குறையென்று சொன்னால் நீர் மெல்ல மஞ்சளித்தது. தொட்டியின் பின்னால் வெள்ளைத் தாளை வைத்தால் தெரியும். மாதம் ஒரு முறை பை கட்டிய ஆக்டிவேட்டட் கார்பன் போட்டேன், அது போய்விட்டது.

பரணுக்குப் போவதற்கு முன் அது செய்த ஒரு லீலையையும் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலுக்கு முதல் நாள் இரவு, உடைந்த பவளத் துண்டு ஒன்றை எப்பாக்ஸி பசை வைத்துப் பாறையில் ஒட்டினேன். அந்தப் பசையிலிருந்து கசிவது நுரையை வெறிகொள்ள வைக்கும் என்று எனக்குத் தெரியாது. விடியற்காலையில் கூடமெல்லாம் உப்பு நீர். அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்துவிட்டு, "நம் வீட்டில் இந்த வருடம் முதலில் பொங்கியது இதுதான்" என்றார்கள்.

பரணிலிருந்து இறக்கவைத்தது அழுக்கு இல்லை. 2023 மே மாதம். அக்னி நட்சத்திரம். வெளியே 40 டிகிரிக்கு மேல். சுற்றியிருக்கும் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். எங்கள் வீட்டில் ஒரே ஏ.சி., அது கூடத்தில். தொட்டியும் கூடத்தில். இரவில் கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு நான்கு பேரும் பாய் விரித்துப் படுப்போம். நான்காம் நாள் காலை விளக்குப் போட்டபோது மீன்கள் நீரின் மேல்விளிம்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு கோபி மீன் மூலையில் செத்துக் கிடந்தது. அம்மோனியா இல்லை. உப்பு சரி. நீரின் அமிலத்தைக் காட்டும் பி.எச். மட்டும் 7.7-க்கு இறங்கியிருந்தது; அது இறங்க இறங்க அமிலம் கூடுகிறது என்று அர்த்தம்.

காரணம் எங்கள் நான்கு பேரின் மூச்சுதான். 25 டிகிரி வெப்பத்தில் நல்ல நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடிக்கும். கடல்நீர் 6.7-தான். 30 டிகிரிக்குப் போனால் 6.2 ஆகிவிடும். சூடேற ஏற மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடும். இரவில் பாசியும் பவளமும்கூட ஆக்சிஜனைத் தின்னும், கரியமில வாயுவை விடும். அறைக் காற்றிலேயே எங்கள் கரியமில வாயு நிறைந்திருக்கும்போது தொட்டி அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளும்? உள்ளேயே கரைந்து அமிலமாகி பி.எச்.ஐ இறக்கியது.

அன்று மாலையே ஸ்கிம்மரை இறக்கி, காற்று இழுக்கும் குழாயை நீட்டி ஜன்னல் சட்டத்தின் வழியாக வெளியே விட்டேன். நுனியில் கொசுவலைத் துண்டு. நுரை எடுப்பது ஒரு பக்கம் இருக்க, நீருக்குள் காற்றை இவ்வளவு நுணுக்கமாகக் கரைக்கும் வேறு பொருள் என் வீட்டில் இல்லை. இரண்டு நாளில் காலைப் பி.எச். 8.0. அதற்குப் பிறகு ஒரு கோடையிலும் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கவில்லை.

இதற்கு நீருக்குள் குமிழ் விடும் துளைக்கல்லான ஏர் ஸ்டோன் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காற்று மோட்டாரை வெளியே வைத்துக் குழாயை உள்ளே விட்டாலும் பாதிப் பயன் கிடைக்கும். நீரின் மேற்பரப்பு நன்றாக அலையும்படி மோட்டாரைத் திருப்பி வைத்தாலும் கிடைக்கும். ஆனால் ஏர் ஸ்டோன் குமிழ் மேலே வந்து உடையும்போது உப்புத் துளி தெறிக்கும். ஆறு மாதத்தில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து, சுவிட்சுப் பலகையில் வெள்ளை பூத்து, மூடியின் விளக்கு போய்விட்டது எனக்கு. ஸ்கிம்மரில் குமிழெல்லாம் குழாய்க்குள்ளேயே முடிந்துவிடும். மின்வெட்டுக்கு மட்டும் பேட்டரியில் ஓடும் சின்ன காற்று மோட்டார் வைத்திருக்கிறேன்; அது எல்லோருக்கும் வேண்டும், அதில் விவாதமே இல்லை.

வெளிக் காற்றுக்கும் ஒரு ஆபத்து உண்டு. கொசு மருந்துப் புகை அடிக்கும் வண்டி. அதில் கலக்கும் மருந்து வகை இறாலுக்கு எமன். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடி சுவிட்சை அணைக்கிறேன். பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டேன், நான் இல்லாத நேரத்தில் சின்னவள்தான் ஓடுவாள்.

இப்போது என் ஸ்கிம்மர் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை ஓடுகிறது. கிண்ணத்தில் வாரத்துக்கு ஒரு தம்ளர் சேர்கிறது. நைட்ரேட் 8-க்கும் 12-க்கும் நடுவில். மென்பவளங்கள் கொழுத்துக் கிடக்கின்றன. பெட்டியில் போட்டிருந்த பெருமைகளுக்கும் எனக்கு இது செய்யும் வேலைக்கும் அதிகச் சம்பந்தம் இல்லை.

அதனால் தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். தொட்டி ஓடத் தொடங்கி மீன் விட்டபின் இரண்டு வாரம் நீர் மாற்றாமல், முதல் நாளும் கடைசி நாளும் நைட்ரேட்டை அளந்து பாருங்கள். ஏறுவது ஐந்துக்குள் என்றால் வாளியும் கப்பும் போதும். இருபது ஏறினால் ஒன்று தீனியைக் குறைக்க வேண்டும், இல்லை ஸ்கிம்மர் வாங்க வேண்டும். இரண்டாவது, காலையில் விளக்குப் போடுவதற்கு முன் தொட்டி நீரின் பி.எச்.ஐப் பாருங்கள். பிறகு ஒரு தம்ளர் நீரை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், ஏர் ஸ்டோனால் ஒரு மணி நேரம் குமிழ் விட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். மாடியில் பி.எச். நன்றாக ஏறினால் உங்கள் அறைக் காற்று கெட்டிருக்கிறது. அப்போது ஜன்னலைத் திறக்கலாம், முடியாத வீடென்றால் ஸ்கிம்மர் குழாயை வெளியே விடலாம். ஏறவே இல்லை என்றால் மூச்சுக்காக நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் மறுபடியும் கூப்பிட்டார். தொட்டி எந்த அறையில் வரப்போகிறது என்று கேட்டேன். முன்னாள் தறிக்கூடம், இரண்டு பக்கமும் ஜன்னல், ஏ.சி. கிடையாது என்றார். "ஜன்னலைச் சாத்துவீர்களா?"

"பாட்டி அங்கேதான் படுப்பார்கள், அண்ணா. சாத்தினால் திட்டுவார்கள்."

இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன், வேண்டாம் என்று.